மூவாயிரத்து எண்ணூறு அடி

எட்டு வருஷம் கடலுக்குள் கிடந்த தனபாலனுக்கு, இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவனே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். அந்த எட்டு வருஷமும் உப்புத் தண்ணீர், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் கிடப்பது நல்ல தண்ணீர் என்ற ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல தண்ணீரில் உடம்பு அவ்வளவு மிதக்காது. கடலுக்குக் கட்டிய ஈயத்தை அங்கே கட்டினால் கல்லைக் கட்டிக் கிணற்றில் இறங்குவதும் அதுவும் ஒன்றுதான்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவன் அவன். இருபத்தைந்து வயது வரை தோட்டத்தார் குளிக்கும் பீலியைத் தவிர வேறு பெரிய தண்ணீரைக் கண்டவனில்லை. சண்டை முடிந்த மறு வருஷம் நிலாவெளியில் ஒரு ஹோட்டலுக்குக் கோப்பை கழுவப் போனான். பக்கத்தில் வெளிநாட்டுக்காரருக்குச் சுழியோடச் சொல்லிக்கொடுக்கும் விவேகானந்தன் என்பவர் காற்றுச் சிலிண்டர் தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். உர மூட்டை தூக்கிய தோளுக்குச் சிலிண்டர் ஒரு பாரமா? முதலில் தூக்கினான், பிறகு தானே முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினான், கடைசியில் வெள்ளைக்காரனுக்கே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டான். தோட்டத்தில் இந்த வேலையை ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்துப்போன அவனுடைய அக்கா யசோதா, தம்பி நேவியில் இருக்கிறான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அந்த அக்காவின் மகள் சந்திரிகா வயதுக்கு வந்து அன்றோடு பதினாறாம் நாள். முதல் நாள் பச்சை ஓலையில் குச்சு கட்டிப் பிள்ளையை உட்கார வைக்க வேண்டியவன் தாய்மாமன். தனபாலன் அப்போது ஏழு ஜெர்மன்காரரோடு கடலுக்கு அடியில் இருந்தான், போன் கரையில் கிடந்தது. அவன் கட்ட வேண்டிய குச்சை அக்காவின் புருஷன் கணபதியின் வீட்டு ஆள் ஒருவர் கட்டினார். கணபதியின் அக்கா பேச்சியம்மாவுக்கு அது போதாதா? தாய்மாமன் உயிரோடு இருந்தும் மாமன் இல்லாத பிள்ளை என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். யசோதா போனில் அழுதாள். அழுகையை விட, அழுது முடித்துவிட்டு அவள் பேசாமல் இருந்த இருப்புத்தான் தனபாலனைக் குத்தியது.

பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு, மாமன் கையால் சேலை வாங்கி உடுத்தினால்தான் சடங்கு நிறையும். பகல் இரண்டரைக்கு நல்ல நேரம். “செத்தாலும் வந்துருவேன்க்கா” என்று தனபாலன் சொல்லியிருந்தான். அவன் அதிர்ஷ்டமோ என்னவோ, அந்த வாரமே தெல்தெனியவில் மூன்று நாள் வேலை ஒன்றும் வந்து வாய்த்தது. நீர்த்தேக்கத்தில் உல்லாசப் படகு விடப்போகும் யாரோ ஒருவருக்கு மிதக்கும் இறங்குதுறை போட வேண்டுமாம். நங்கூரம் போடும் இடத்தில் மரக்கட்டையோ சுவரோ கிடக்கிறதா என்று அடியில் போய்ப் பார்க்க வேண்டும். அணை கட்டியபோது பழைய தெல்தெனிய ஊரே அந்தத் தண்ணீருக்குக் கீழே போய்விட்டது அல்லவா, அதனால்தான் அந்தக் கவலை.

அவனோடு வந்த சுழியோடி றீற்றா, திருகோணமலைப் பெண். அவளுக்கு இருபத்தேழு வயது இருக்கும். வாய் குறைவு, வேலை சுத்தம். மூன்றாம் நாள் காலையில் படகில் உட்கார்ந்து சாமான் மாட்டும்போது அவள் அவனுடைய இடுப்புப் பட்டியைப் பார்த்தாள்.

“அண்ணை, ரெண்டு ஈயக் கட்டியைக் கழட்டுங்கோ. முந்தநாளும் சொன்னனான். இது கடல் இல்லை.”

தனபாலன் சிரித்தான். முதல் இரண்டு நாளும் கரையோரம் பத்து மீற்றரில் அதே பாரத்தோடு வேலை செய்துதானே ஏறினேன் என்றான். பாரம் கூடினால் காற்றுச் சட்டையில் இன்னும் நாலு தடவை காற்று அடித்தால் சமமாகிவிடும், இதற்குப் போய்ப் பட்டியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றான். றீற்றா முகக்கண்ணாடியை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

அவன் சொன்னதில் பிழையில்லை, பாதி மட்டும் சொன்னான். சுழியோடிகள் மாட்டும் அந்தச் சட்டையில் காற்றை ஏற்றினால் ஆள் மேலே வருவான், இறக்கினால் கீழே போவான். பாரம் கூடக் கூடச் சட்டையிலும் காற்றைக் கூட ஏற்ற வேண்டும். அந்தக் காற்று ஆழத்தில் அடங்கிக் கிடக்கும். ஆள் கொஞ்சம் மேலே வந்துவிட்டால் விரியும், விரிந்தால் இன்னும் தூக்கும், தூக்கினால் இன்னும் விரியும். இதை நிலாவெளி மணலில் உட்கார்ந்து கிழமைக்குப் பத்துத் தடவை அவனே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன்.

அன்று இறங்கியது இருபத்தாறு மீற்றர். முதல் பத்து மீற்றருக்குள் வெளிச்சம் பால் விடாமல் கறுத்துப்போன பிளேன்டீ நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்குக் கீழே டோர்ச் வெளிச்சம் ஒரு கை நீளத்துக்கு மேல் போகவில்லை. அவன் இறங்கவில்லை, விழுந்தான். காது குத்தியது. முழங்கால் இரண்டும் சேற்றில் புதைய, சுற்றிலும் சேறு கிளம்பி ஒன்றும் தெரியாமல் போனது. பொத்தானை அமுக்கிக் காற்று ஏற்றினான். போதவில்லை. மறுபடி ஏற்றினான். ஆறேழு தடவைக்குப் பிறகுதான் சேறு அவனை விட்டது.

அரை மணித்தியாலத்துக்கு மேல் வேலை நடந்தது. இரண்டு அடிமரங்களுக்குக் கயிறு கட்டினார்கள். மூன்றாவதாக ஒரு சுவர் கையில் தட்டியது. யாருடைய வீடோ, கடையோ, ஒரு வாசற்படி கூட இருந்தது. அந்தச் சுவரின் மேல் விளிம்புக்கு எழும்ப வேண்டும் என்று தனபாலன் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினான்.

அமுக்கிய பொத்தான் திரும்பி வரவில்லை.

போன கிழமை கடலில் பாவித்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவாமல் அப்படியே பையில் திணித்துக் கொண்டுவந்த சட்டை அது. உப்புப் படிந்து பொத்தான் இறுகிவிட்டது. காற்று சீறிக்கொண்டு சட்டைக்குள் ஏறியது. விலா எலும்பை யாரோ கட்டிப் பிடிப்பதுபோல் சட்டை இறுகியது. அவன் சுவரைப் பிடித்தான். சுவரின் ஒரு துண்டு பெயர்ந்து கையோடு வந்தது. கால் தரையை விட்டது.

செய்ய வேண்டியது அவனுக்குத் தெரியும். காற்றுக் குழாயைச் சட்டையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். தோள் பக்கத்துக் கயிற்றை இழுத்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். கை காலை விரித்துத் தட்டையாகக் கிடந்து வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த வாய். ஆனால் அந்த நேரத்தில் அவன் கை என்ன செய்தது தெரியுமா? இறுகிய பொத்தானைப் போட்டுக் குத்திக்கொண்டிருந்தது. பழுதான ரேடியோவைத் தட்டுகிற மாதிரித் தட்டிக்கொண்டே இருந்தது. தட்டத் தட்ட அவன் மேலே போனான். கீழே றீற்றாவின் டோர்ச் ஒரு புள்ளியாகி அணைந்தது. மணிக்கட்டில் கட்டியிருந்த, ஆழத்தையும் நேரத்தையும் கணக்குப் பார்க்கும் கம்பியூட்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. மெதுவாக ஏறு, மூன்று நிமிஷம் நின்று ஏறு என்று அது கத்த வேண்டிய இடமெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் கடந்து போயின.

ஒன்றே ஒன்றைத்தான் சரியாகச் செய்தான். வாயை மூடாமல் மேலே வரும்வரை கத்திக்கொண்டே வந்தான். அதனால் நுரையீரல் கிழியாமல் தப்பியது. அதுவும் பாடத்தை நினைத்துச் செய்ததல்ல, பயத்தில் அம்மாவைக் கூப்பிட்டது.

இடுப்பு வரைக்கும் தண்ணீருக்கு வெளியே துள்ளி எழுந்து மல்லாக்க விழுந்தான். படகுக்காரர் அவன் விளையாடுகிறான் என்று நினைத்துக் கைதட்டினார். வெயில் சுள்ளென்று அடித்தது. கரையில் ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. அரை நிமிஷத்துக்கு முன்னால் இருட்டில் கிடந்தவனுக்கு அந்த மாட்டைப் பார்க்கவே நம்ப முடியவில்லை. அவன் கை இப்போதுதான் தானாகப் போய்க் காற்றுக் குழாயைப் பிடுங்கியது.

றீற்றா ஒழுங்காக நிற்க வேண்டிய இடத்தில் நின்று, பத்து நிமிஷம் கழித்து மேலே வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவன் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினான். எல்லாம் சரி என்பதற்குச் சுழியோடிகள் காட்டும் சைகை அது. வளையம் ஒழுங்காகச் சேரவில்லை. அவள் ஒட்சிசன் போத்தலின் முகமூடியை அவன் மூக்கில் வைத்து அமுக்கிப் படுக்கச் சொன்னாள். எங்காவது விறைக்கிறதா, வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலது தோளில் ஓர் உளைச்சல் இருந்தது. சிலிண்டர் பட்டி அறுத்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒன்றுமில்லை என்றான்.

கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்து உட்கார்ந்தான். இன்றைக்கு இனித் தண்ணீரில் இறங்கக்கூடாது, நாளை வரைக்கும் பிளேன் ஏறக்கூடாது என்று றீற்றா வழமையான பாடத்தை ஒப்பித்தாள்.

“நான் ஏறப்போறது மஹியங்கனை பஸ்ஸு. அதுக்கு றெக்கை இருந்தா சொல்லுங்க, ஏறல” என்றான் தனபாலன்.

அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்து அவள் பிற்பாடு எவ்வளவு நொந்துகொண்டாள் என்பது வேறு கதை. அவள் பிறந்து வளர்ந்த ஊரில் வீட்டுக்குப் போக மலை ஏற வேண்டிய தேவை ஒருவருக்கும் இருந்ததில்லை. அவர்கள் படித்த பாடத்தில் பிளேன் இருந்தது, பஸ் இல்லை.

முந்திய நாள் பின்னேரம் கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையொன்றில் வாங்கிய குங்கும நிறப் பட்டுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். காலில் அதே கடையில் வாங்கிய புதுச் சப்பாத்து. பேச்சியம்மா மேலிருந்து கீழே பார்க்கும்போது பார்வை கடைசியில் வந்து நிற்கும் இடம் கால் என்பதால் அதை யோசித்தே வாங்கியிருந்தான். பஸ் தெல்தெனியவை விட்டு ஏறத் தொடங்கியது. கீழே நீர்த்தேக்கம் சின்னதாகிக்கொண்டு போனது. மணிக்கட்டைப் பார்த்தான். கம்பியூட்டரின் முகப்பில் ஒரு குட்டிப் பிளேன் படம் குறுக்குக் கோடோடு மின்னி மின்னி அணைந்தது. அவன் சட்டைக் கையை இழுத்து அதை மூடினான்.

வளைவுகளில் ஏற ஏறக் காது அடைத்தது. சின்ன வயதில் செய்வதுபோல எச்சிலை விழுங்கினான், காது திறந்தது. மறுபடி அடைத்தது, மறுபடி விழுங்கினான். தண்ணீருக்குள் காது அடைத்தால் அது அழுத்தம் என்று உலகத்துக்கே பாடம் எடுப்பவன், பஸ்ஸுக்குள் காது அடைத்தால் அது ஊர் வந்துவிட்டது என்றுதான் நினைத்தான். பழக்கம் என்ற ஒன்று மனிதனை அப்படி முட்டாளாக்கி வைத்திருக்கிறது.

வழியில் ஹுன்னஸ்கிரிய கடைத்தெருவில் இறங்கும்போது பாதம் இரண்டும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. புதுச் சப்பாத்து கடிக்கிறது என்று நினைத்தான். முச்சக்கர வண்டி பிடித்தான். தோட்டத்து வாசலில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள், வண்டி அதற்கு மேல் போகாது. அங்கிருந்து லயத்துக்கு ஐந்து நிமிஷ ஏற்றம். ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டது. மணி இரண்டு பத்து. நேரத்துக்கு வந்துவிட்டோம் என்று அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதுதான் வளைவுகளில் சிக்னல் இல்லாமல் கிடந்த போன் உயிர் வந்து, தவறிய அழைப்பு பதினொன்று என்று காட்டியது. எல்லாம் றீற்றா. அவன் எடுப்பதற்குள் மறுபடி அடித்தது.

“அண்ணை, எங்க நிக்கிறியள்?”

தோட்டத்து வாசலில் என்றான்.

“அது எவ்வளவு உயரம்?”

இது என்ன கேள்வி என்று அவன் தலையை நிமிர்த்தினான். எதிரே தோட்டத்தின் பெயர்ப்பலகை நின்றது. பிறந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் பலகை. பெயர், பரப்பளவு, அதற்குக் கீழே ஒரு வரி. அந்தக் கடைசி வரியை அவன் வாழ்க்கையில் வாசித்ததே இல்லை. கடல் மட்டத்திலிருந்து உயரம் மூவாயிரத்து எண்ணூறு அடி.

வாசித்துக் காட்டினான்.

“விவேகானந்தன் அண்ணைக்கு எடுத்தனான். கத்துறார். பிளேனும் மலையும் ஒண்டுதானாம். மேல போகப் போக உடம்புக்குள்ள கிடக்கிற காத்து குமிழ் குமிழா விரியுமாம். முள்ளந்தண்டுக்குள்ள போனா கால் வழங்காதாம். இப்பவே இறங்குங்கோ. நானும் தண்ணிக்குள்ள இறங்கினவள், என்னால அங்க ஏறி வர ஏலாது. தெல்தெனிய சந்தியில வானோட நிக்கிறன். காலுக்குள்ள விறைக்குதோ?”

தனபாலன் தன் சப்பாத்தைப் பார்த்தான். எறும்பு இப்போது முழங்கால் வரை வந்திருந்தது.

“இல்ல. சப்பாத்து கடிக்குது, அவ்வளவுதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா. இந்தா இறங்குறேன்.”

போனைப் பைக்குள் போட்டான். காலையில் தண்ணீருக்குள் பட்ட பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றியது. அங்கே சாவு சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. இங்கே பாட்டுக் கேட்கிறது, வெயில் அடிக்கிறது, கொழுந்து வாசம் வருகிறது, அதற்குள் ஒன்று அவன் காலைத் தின்றுகொண்டிருக்கிறது. முச்சக்கர வண்டிக்காரர் வண்டியைத் திருப்பி, போகவா நிற்கவா என்று கேட்டார்.

கீழே போனால் கால் தப்பலாம். மேலே ஐந்து நிமிஷத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை ஈரத் தலையோடு மாமன் சேலைக்குக் காத்திருக்கிறது. பத்தே பத்து நிமிஷம், கொடுத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று அவன் மனசு பேரம் பேசியது. ஒரு சேலைக்காகவா காலைக் கொடுப்பான் என்று கேட்பவர்கள் கேட்கலாம். குச்சு கட்டாத மாமன் என்று ஒரு லயம் முழுக்கப் பேச்சுக் கேட்டுப் பாருங்கள், பிறகு தெரியும். வண்டியை நிற்கச் சொல்லிவிட்டு அவன் மேலே நடந்தான்.

பந்தல் வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். கழற்றிய பிறகும் சப்பாத்துப் போட்டிருப்பதுபோலவே இருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்த சீமெந்து, மலைக் குளிரில் அது பனிக்கட்டியாய் இருக்க வேண்டும். அவனுக்குத் தரை இருக்கிறதா என்றே தெரியவில்லை. பார்த்துப் பார்த்துக் கால் வைத்தான். யசோதா ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டான். பேச்சியம்மா கூட வாங்க தம்பி என்று சொன்னாள்.

தட்டில் வைத்துச் சேலையைக் கொடுத்தான். பிள்ளையை உள்ளே கூட்டிப்போனார்கள். உடுத்திவிட்டு வரும்வரை அவனைக் கதிரையில் உட்கார வைத்தார்கள். அது நல்லதாகப் போயிற்று, நிற்கச் சொல்லியிருந்தால் நின்றிருக்க மாட்டான். பத்து நிமிஷம் இருபதானது. சேலை கட்டுவதென்றால் சும்மாவா? அவன் சட்டைக் கையை விலக்கி மணிக்கட்டைப் பார்த்தான். குட்டிப் பிளேன் இன்னும் மின்னியது.

சந்திரிகா வந்தாள். குங்கும நிறம் அவளுக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. பதினாறு நாளைக்கு முன்பு வரை மரத்தில் ஏறிக் கொய்யா பறித்த பிள்ளை, சேலைக்குள் எப்படி நடப்பதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு வந்தது. அவன் உட்கார்ந்தபடியே மாலையைப் போட்டான். கண் நிறைந்துவிட்டது. போட்டோக்காரர், மாமா இங்கே பாருங்க என்று கமெராவைத் தூக்கினார். யாரோ கையில் மஞ்சள் அரிசியைத் திணித்தார்கள். மாமா கால்ல விழும்மா என்று யசோதா சொன்னது கேட்டது.

அவன் கமெராவைப் பார்த்துச் சிரித்தபடி, பிள்ளையின் கை தன் காலில் படுவதற்காகக் காத்திருந்தான். பட்டதும் அரிசியைத் தலையில் போட வேண்டும். கமெரா இரண்டு தடவை மின்னியது. பாட்டு முடிந்து அடுத்த பாட்டுத் தொடங்கியது. பந்தலில் பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது. எல்லோரும் அவனையே பார்ப்பதுபோல் இருந்தது.

“தம்பி, ஆசீர்வாதம் பண்ணு” என்றாள் யசோதா.

“அவ மொதல்ல கும்புடட்டும்க்கா.”

கீழேயிருந்து சந்திரிகாவின் குரல் வந்தது.

“மாமா, காலப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

அவன் குனிந்து பார்த்தான். மருதாணி போட்ட இரண்டு சின்னக் கைகள் அவனுடைய இரண்டு பாதங்களின் மேல் இருந்தன. சும்மா இல்லை, அழுத்திப் பிடித்திருந்தன. நெற்றியைக்கூட அவன் கால் விரலில் வைத்திருந்தாள், விரலில் குங்குமம் ஒட்டியிருந்தது. கண் பார்க்கிறது, கால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாதங்கள் வேறு யாருடையவோ, கதிரைக்குக் கீழே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை. மஞ்சள் அரிசி அவன் கையிலிருந்து தானாகக் கொட்டியது. பாதி அவள் தலையில் விழுந்தது.

எழும்பப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் எழும்பவில்லை. மேல் உடம்பு மட்டும் முன்னால் போய், எதிரே வைத்திருந்த தட்டோடும் தேங்காயோடும் தரையில் விழுந்தான்.

குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று ஒரு குரல் வந்தது, யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. கணபதி குனிந்து அவன் வாயை முகர்ந்து பார்த்துவிட்டு தன் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். நாலு பேர் தூக்கினார்கள். மேல் டிவிஷனில் இருக்கும் தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோங்கள் என்று கூட்டம் சொன்னது. தனபாலனுக்கு உயிரே போனது. கணபதியின் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

“மச்சான், மேல வேணாம். கீழ. என்னயக் கீழ எறக்குங்க. தெல்தெனிய சந்தியில றீற்றான்னு ஒரு பொண்ணு வானோட நிக்கிது. வேற ஒண்ணும் கேக்காதீங்க.”

கதிரையோடு தூக்கிக்கொண்டு தோட்டத்து வாசலுக்கு ஓடினார்கள். பந்தலுக்குக் கதிரை ஏற்றிவந்த லொறி அங்கே நின்றது, அதில் ஏற்றிக் கிடத்தினார்கள். யசோதா போனில் றீற்றாவோடு பேசிக்கொண்டே அழுதாள். ஒட்சிசன் இருக்கிறது, வான் தயார், கட்டுகஸ்தோட்டை மாத்தளைப் பக்கமாகத் திருகோணமலைக்குப் போகிறோம், அங்கேதான் அழுத்தம் ஏற்றும் அறை இருக்கிறது, கால் திரும்புமா என்று கேட்காதீங்கோ அக்கா, எனக்குத் தெரியாது என்று றீற்றா சொன்னாளாம். சடங்கு நடந்த பிள்ளை படி தாண்டக்கூடாது என்று பேச்சியம்மா தடுக்கத் தடுக்க, சந்திரிகா பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லொறியில் ஏறி மாமனின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பதினாறு நாளில் அந்தப் பிள்ளை தன் விருப்பத்துக்குச் செய்த முதல் காரியம் அதுதான்.

லொறி இறங்கியது. வளைவுக்கு வளைவு காது அடைத்துத் திறந்தது. இப்போது அவனுக்கு அது என்னவென்று தெரியும். பலகைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் நடுவில் இரண்டாயிரத்து நானூறு அடி, அதை எப்போது இறங்கி முடிப்போம் என்று மனசு அடித்துக்கொண்டது.

“மாமா, இப்பத் தெரியுதா?” என்று சந்திரிகா கேட்டாள்.

அவன் கையைத் தூக்கினான். பெருவிரலும் சுட்டுவிரலும் தானாக வளையமாகச் சேர்ந்தன. காலையில் றீற்றாவுக்குக் காட்டியது. படகில் ஒன்றுமில்லை என்றது, போனில் சத்தியமா என்றது, எல்லாம் அந்த வளையம்தான்.

பிள்ளைக்கு அந்தச் சைகை தெரியாது. அவள் அதைப் பொருட்படுத்தவும் இல்லை. அவன் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூடி, அதற்குள் கையை விட்டாள்.

“அப்பச் சொல்லுங்க. எந்த வெரலப் புடிச்சிருக்கேன்?”

ஐந்தில் ஒன்றைச் சொன்னால் போதும். சரியாகக்கூட அமையலாம். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். சடங்குக்குப் போட்ட மை கன்னத்தில் வழிந்திருந்தது. வளையத்தைப் பிரித்துக் கையைக் கீழே போட்டான்.

“தெரியலம்மா” என்றான்.

சந்திரிகா தலையை ஆட்டினாள். லொறி அடுத்த வளைவில் திரும்பியது. அவள் அடுத்த விரலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள்.